இரண்டு சீட்டுக் கார் குடித்த எண்ணெய்

புதுக் கார் எண்ணெய் குடிக்காது என்று நீங்கள் சொன்னது பொய். தெரியாமல் சொன்ன தப்பு இல்லை, தெரிந்தே சொன்ன பொய். அந்தப் பொய்யை வைத்து என் தங்கை புருஷனை, ஆம்பூரில் ஒரு தோல் டேனரி வாசலில், வேலை விட்டு வந்துகொண்டிருந்த ஆட்கள் எல்லார் முன்னாலும் திருடன் ஆக்கினீர்கள். ஆக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மெட்ராஸ் போய்விட்டீர்கள்.

உங்களுக்கு என்னை நினைவிருக்காது. அதே டேனரியில் நான் லாரி ஓட்டினேன். நீங்கள் அந்தக் காரை விற்ற மெட்ராஸ் கம்பெனியில் சர்வீஸ் மேனேஜர். உங்கள் பேரை எழுதவில்லை. வேறு யார் பேரையும் எழுதப்போவதில்லை. அவனை மச்சான் என்றே எழுதுகிறேன். தங்கையைக் கட்டுவதற்கு முன்னாலேயே எனக்கு அவன் தோஸ்த். அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோலுக்குச் சீமையில் நல்ல கிராக்கி. டேனரி முதலாளியின் இளைய மகன் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அவரைச் சின்ன முதலாளி என்போம். கார் கரும்பச்சை நிறம், மேலே துணிக் கூரை, இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் ரோடு இடுப்பில் உரசுகிற மாதிரி அவ்வளவு தாழ்வு. பெரிய முதலாளியின் பழைய காரைப் பல வருஷமாக ஓட்டிய மச்சான்தான் மெட்ராஸ் போய் அதை ஓட்டிக்கொண்டு வந்தான்.

டேனரி ஆட்கள் அதைப் பார்த்த விதம் வேடிக்கை. எஞ்சினை ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. தோல் ஊறுகிற பட்டைத் தண்ணீர் சொட்டுகிற கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, சீட்டுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார்கள். வயிற்றுப் பக்கத்துத் தோலை வைத்து ஏமாற்றிவிட்டான் என்று ஒருத்தன் சொன்னான். இல்லை, முதுகுத் தோல்தான் என்று இன்னொருத்தன் சண்டைக்கு வந்தான். பெரிய முதலாளி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்த் தோலே சீமைக்குப் போய் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது என்று சிரித்தார்.

நல்ல கார். அதைச் சொல்லாவிட்டால் நானும் உங்களை மாதிரி ஆகிவிடுவேன். ஸ்டார்ட் பண்ணினால் நெஞ்சுக்குள் கேட்கும். பாலாற்றுப் பாலத்தில் அது போகிற போக்கைப் பார்த்தால் எனக்கே என் லாரியை ஓரம் கட்டிவிட்டு நிற்கத் தோன்றும். மச்சான் அதைக் குழந்தை மாதிரி வைத்திருந்தான். டவுனுக்குள் அவன் ஓட்டுவான். ரோடு திறந்ததும் சின்ன முதலாளி வாங்கிக்கொள்வார்.

ஆனால் எண்ணெய் குடித்தது. காலையில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் கீழே இறங்கியிருக்கும். ஊற்றினால் நிரம்பும், வேலூர் போய்வந்தால் மறுபடியும் இறங்கியிருக்கும். என் லாரியும்தான் எண்ணெய் குடித்தது. அது பட்டாளத்தில் வேண்டாம் என்று ஏலத்தில் தள்ளிய வண்டி. கிழட்டு வண்டி குடித்தால் யாரும் கேட்பதில்லை. புது வண்டி குடித்தால்தான் கேள்வி வருகிறது.

மச்சான் மறைக்கவில்லை. முதல் வாரமே பெரிய முதலாளியிடம் போய்ச் சொன்னான். அவர் கவலையே படவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தொழிலில், பட்டையில் ஊறி வந்த தோலுக்கு எண்ணெய் தடவுவார்கள். புதுத் தோல் எண்ணெயைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க முதலாளிக்குச் சந்தோஷம். குடிக்காத தோல் விறைத்து வெடித்துப் போகும். போதும் என்று ஆனதும் தோல் தானாக நிறுத்திவிடும். ஆயுசு முழுக்கத் தோலைப் பார்த்த மனிதர் காரையும் அப்படித்தான் பார்த்தார்.

"குடிக்கட்டும்டா. புதுசு இல்ல, பசி ஜாஸ்தியா இருக்கும். வயிறு ரொம்பிட்டா கம்மி ஆயிடும்" என்றார்.

கம்மி ஆகவில்லை. ஒரு நாள் சின்ன முதலாளி மச்சானை விட்டுவிட்டுத் தனியாக வேலூர் போனார். பள்ளிகொண்டா தாண்டி எஞ்சின் இரும்பை இடிக்கிற மாதிரி சத்தம் போட்டு நின்றுவிட்டது. எண்ணெய் வற்றிப் போயிருந்தது. தோல் இறக்கிவிட்டு அந்தப் பக்கமாக வந்த நான்தான் கயிறு கட்டி இழுத்து வந்தேன். ஏலத்தில் எடுத்த லாரி முன்னால் போக, சீமையிலிருந்து வந்த கார் பின்னால் வந்தது. சின்ன முதலாளி யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு காரில் ஆம்பூரில் வேறு யார் உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவம், சின்ன வயசு.

அதற்குப் பிறகுதான் உங்களை வரவழைத்தார்கள்.

நீங்கள் வந்தது சாயங்காலம். காருக்குக் கீழே பழைய பேப்பர் விரித்து, எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டீர்கள். ஒரு சொட்டு விழவில்லை. குனிந்து பார்த்தீர்கள், நிமிர்ந்தீர்கள், கைக்குட்டையால் விரலைத் துடைத்தீர்கள். சைலன்சரிலிருந்து நீலமாகப் புகை வந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன், மச்சான் பார்த்தான், நீங்களும் பார்த்தீர்கள். எஞ்சின் எண்ணெயை எரித்தால் புகை நீலமாக வரும் என்பது லாரி கிளீனருக்கும் தெரிந்த விஷயம். உங்களுக்குத் தெரியாது என்றால் கம்பெனி எதற்கு உங்களை வைத்திருந்தது?

அதற்குள் மணி அடித்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். நீங்கள் பெரிய முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்.

"ஒழுக்கு எதுவும் இல்ல சார். புது எஞ்சின் ஆயில் குடிக்கவே குடிக்காது. வேற யாரோ குடிக்கிறாங்க. உங்க டிரைவரைக் கேளுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுக்கச் சுண்ணாம்புக் குழியில் நின்றவனுக்கு, சட்டையில் அழுக்குப் படாமல் காரில் சுற்றுகிற டிரைவர் மாட்டிக்கொண்டால் சிரிப்பு வரும். ஒருத்தன், "இன்னா டிரைவரே, நமக்கும் ஒரு கிளாஸ் ஊத்தறது" என்றான்.

மச்சான் அவனைப் பார்க்கவில்லை. உங்களையும் பார்க்கவில்லை. பெரிய முதலாளியைப் பார்த்து, "ஒரு சொட்டு எடுக்கல முதலாளி" என்றான்.

பெரிய முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கண்ணால் பார்க்காமல் ஒருத்தன் சோற்றில் மண்ணைப் போட மாட்டேன் என்றார். ஆனால் உங்களை மாதிரி ஒரு பெரிய கம்பெனி ஆள், சூட்டும் கோட்டுமாக வந்து சொன்னதைத் தள்ளவும் அவரால் முடியவில்லை. எஞ்சின் எண்ணெய் டின்களை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். மச்சானும் வாசலில் சோதனைக்கு நிற்க வேண்டும் என்று ஆயிற்று.

அந்தச் சோதனை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். டேனரியில் எண்ணெய் திருடுகிறவன் பாத்திரத்தில் கொண்டுபோக மாட்டான். தலைத்துண்டை எண்ணெயில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டு போவான். வீட்டுக்குப் போய்ப் பிழிந்து எடுப்பான். அதனால் வேலை விட்டுப் போகும்போது வாட்ச்மேன் முன்னால் ஒவ்வொருத்தனும் துண்டை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். வாட்ச்மேன் முறுக்கிப் பார்ப்பான், முகர்ந்து பார்ப்பான், திருப்பிக் கொடுப்பான். டிரைவர்களுக்கு அது கிடையாது. மச்சான் துண்டே கட்டுகிற ஆள் இல்லை. அவனுக்காக வாட்ச்மேன் சட்டையையும் தலைமயிரையும் முகர்ந்து பார்த்தான். அந்த வாட்ச்மேன் மச்சான் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். முகரும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். இவன் கண்ணை மூடிக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். குடியாத்தம் தறிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விற்கிற லுங்கி ஒன்றை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் அங்கதான நின்ன? வாயில இன்னா வெச்சிருந்த?" என்றாள். "தண்ணி மொள்ளப் போனா, எண்ணெய் இருக்குதா ஒரு கரண்டி குடுன்னு கேக்கறாளுங்க. இவரு சோறு தின்னு நாலு நாளு ஆவுது. வேலையை விட்டுட்டு வந்துடுன்னா, இப்ப வுட்டா திருடினது நெசம்னு ஆயிடும்னு சொல்றாரு. விடவும் முடியல, போவவும் முடியல. நீயே சொல்லுண்ணா, இன்னா பண்றது?"

கார் எண்ணெய் குடிக்கிறது என்று காட்டினால் போதும், அவன் பேர் தப்பிக்கும். எரிந்து புகையாகப் போன எண்ணெயை எப்படிக் காட்டுவது? மச்சான் உள்ளே படுத்திருந்தான். எழுந்து வரவில்லை.

இதற்கு வழி செய்தது நானும் இல்லை, அவனும் இல்லை. எங்கள் ஸ்டோர்கீப்பர். அவன் வழி செய்ய நினைத்து அதைச் செய்யவில்லை. மச்சானைப் பிடிக்க நினைத்துச் செய்தான்.

டேனரி ஸ்டோரில் ஒரு பழக்கம் உண்டு. தோலுக்குத் தடவுகிற புங்கெண்ணெய் அடிக்கடி காணாமல் போனால், பீப்பாயில் கொஞ்சம் மத்தி எண்ணெய் கலந்துவிடுவார்கள். அது மலையாளக் கரையிலிருந்து வருகிற மீன் எண்ணெய். தோலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதை வீட்டில் விளக்குக்கு ஊற்ற முடியாது, விற்க முடியாது. தொட்டவன் கையும் வீடும் சோப்புப் போட்டாலும் நாறும். டேனரிக்குள் அந்த வாசனை தெரியாது, அங்கே எல்லாம் நாறுகிறது, எங்கள் மூக்கு செத்து வருஷக் கணக்காகிறது. வெளியே போனால்தான் தெரியும். திருடன் வீட்டைத் தெருவே காட்டிக் கொடுத்துவிடும்.

ஸ்டோர்கீப்பர் அதே வைத்தியத்தை எஞ்சின் எண்ணெய் டின்னுக்கும் செய்தான். யாரிடமும் சொல்லவில்லை. தோலுக்கு ஆகிறது காருக்கும் ஆகும் என்று நினைத்தான். மச்சான் டின்னை வாங்கினான், ஸ்டோருக்குப் பக்கத்திலேயே நின்று எஞ்சினில் ஊற்றினான். அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மறுநாள் சீமையிலிருந்து தோல் வாங்குகிற துரை ஒருவர் வருகிறார் என்று ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்குப் போனோம். மெயில் ஆம்பூரில் நிற்காது. ஸ்போர்ட்ஸ் காரில் சின்ன முதலாளியும் துரையும் உட்கார்ந்தால் இடம் தீர்ந்தது. துரையின் பெட்டிகளை ஏற்ற என் லாரி. காருக்கு ஏதாவது ஆனால் பார்க்க மச்சானும் என்னோடு லாரியில் ஏறிக்கொண்டான். கார் முன்னால் போயிற்று. நாங்கள் அதன் புகையிலேயே போனோம்.

ஊர் தாண்டி இரண்டு பக்கமும் வெறும் கரடு. ஒரு குடிசைகூட இல்லை. மச்சான் மூக்கைச் சுருக்கினான்.

"எவன் மச்சான் இங்க மீன் வறுக்கிறான்?"

நானும் முகர்ந்தேன். வறுத்த மீன் இல்லை, கருகிய மீன். அடுத்த வளைவிலும் அதே வாசனை. அதற்கு அடுத்த மைலிலும் அதே வாசனை. கார் வேகம் எடுக்கும்போதெல்லாம் பின்னால் நீலப் புகை ஒரு பந்து மாதிரி வந்து எங்கள் கண்ணாடியில் மோதும், வாசனை இரண்டு பங்காகும். மச்சான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்களுக்கு இன்னும் புரியவில்லை.

துரையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வாணியம்பாடியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கார் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புகை நகராமல் அங்கேயே சூழ்ந்துகொண்டது. துரை கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மரியாதைக்காரர், ஒன்றும் கேட்கவில்லை. எங்கிருந்தோ நாய்கள் வந்து காரின் பின்பக்கத்தை முகர்ந்தன. மாட்டு வண்டிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். கூடையோடு நின்ற கருவாட்டுக்காரி ஒருத்தி சின்ன முதலாளியிடமே கேட்டாள்.

"இன்னா ராசா, காருக்குள்ள அடுப்பு வெச்சிருக்கிறியா? என் வியாபாரம் கெட்டுப் போவுது."

கேட்டில் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. சின்ன முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது. நான் பக்கத்தில் பார்த்தேன். மச்சான் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

டேனரி வாசலில் பெரிய முதலாளி துரையை வரவேற்க நின்றிருந்தார். கார் வந்து நின்றதும் அவர் துரைக்குக் கை கொடுத்தார், உள்ளே போகச் சொன்னார், தான் போகவில்லை. காரின் பின்னால் வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, சைலன்சர் குழாயின் வாயைத் துண்டு நுனியால் வழித்து முகர்ந்து பார்த்தார். ஆயிரம் நாற்றத்துக்கு நடுவிலும் எந்தப் பீப்பாயில் எந்த எண்ணெய் என்று சொல்கிற மூக்கு அது. ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டார்.

அவன் வந்த வேகத்திலேயே ஒப்புக்கொண்டான். "நம்ம வழக்கம்தான் முதலாளி. எடுக்கிறவன் வூடு நாறட்டும்னு கலந்தேன்."

பெரிய முதலாளி மெதுவாக நிமிர்ந்தார். பிறகு சொன்னார்: "அவன் எடுத்திருந்தா அவன் வூடு நாறியிருக்கணும். ஜோலார்பேட்டைலேர்ந்து இங்க வரைக்கும் ரோடு இல்ல நாறுது."

வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இனிமேல் டிரைவரைத் தொடக் கூடாது என்றார். மச்சான் தோளில் கை வைத்து, உருதுவில் ஏதோ சொன்னார். எனக்கு முழுக்கப் புரியவில்லை. பல வருஷம் அவர் காரை ஓட்டிய மச்சானுக்குப் புரிந்தது, அழுதான். அந்த மனிதர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. விஷயம் தெரிந்தவர் சொன்னதை நம்பினார், தப்பு என்று தெரிந்ததும் தன் வாசலிலேயே திருத்தினார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? முதலாளி டிரங்க் கால் போட்டுச் சொன்னபோது காரை மெட்ராஸுக்கு அனுப்பச் சொன்னீர்கள். சில வாரம் கழித்து அதை எடுத்துவரச் சின்ன முதலாளியோடு நானும் வந்தேன். பெரியமேட்டுத் தோல் மண்டியில் சரக்கு இறக்கிவிட்டு உங்கள் ஷெட்டுக்கு வந்தோம். எங்கள் கார் மாதிரியே அச்சு அசலாக இன்னும் இரண்டு கார்கள் அங்கே நின்றன. இரண்டிலும் எஞ்சினைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். இதற்கு என்ன என்று வேலை செய்துகொண்டிருந்தவரைக் கேட்டேன். "இதே வியாதிதாண்ணே. பிஸ்டன் ரிங் சரியில்ல, ஆயிலை மேல இழுக்குது" என்றார்.

அங்கேதான் உங்களை நேராகக் கேட்டேன். எங்கள் டிரைவரைத் திருடன் என்றீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று.

"நீங்க மீன் எண்ணெய் ஊத்தினீங்க, அதுல ரிங் போச்சு. கம்பெனி நல்ல மனசுல மாத்திக் குடுத்திருக்கு. எடுத்துட்டுப் போங்க" என்றீர்கள்.

"மீன் எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாலயே குடிச்சுது சார். சரி, அந்த ரெண்டு கார்ல யாரு மீன் எண்ணெய் ஊத்தினது?"

நீங்கள் கண்ணாடி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். சின்ன முதலாளி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

புது ரிங் போட்ட பிறகு கார் ஒழுங்காக ஓடியது. எண்ணெய் குறைவதே இல்லை. அதிலும் ஒரு அநியாயம் நடந்தது. எங்கள் டேனரிக்கு வெளியே பேசிக்கொண்டது என்ன தெரியுமா? டிரைவர் மாட்டிக்கொண்டதும் திருந்திவிட்டான், இப்போது எண்ணெய் குறைவதில்லை என்று. எங்கள் முதலாளி சொன்னது எங்கள் வாசலோடு நின்றது. நீங்கள் சொன்னது வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் போகிற இடமெல்லாம் போயிற்று. பெரிய முதலாளி காலமாகி டேனரி பங்கு பிரிந்த பிறகு மச்சான் வேறு இடங்களில் வேலை கேட்டான். எண்ணெய் டிரைவரா என்று கேட்டுவிட்டு அனுப்பினார்கள். நல்ல கார் ஓட்டிய கை அது. இன்றைக்குக் கல்குவாரி லாரி ஓட்டுகிறது.

இந்த வருஷம் அவன் மகளைத் திருப்பத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண் பிடித்திருந்தது. எழுந்திருக்கும்போது பையனின் பெரியப்பா, இவர் அந்த எண்ணெய் கேஸ் டிரைவர்தானே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. இதை எனக்குத் தங்கைதான் சொன்னாள். அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்காதே என்று மகள் அவளிடம் சொன்னாளாம்.

நீங்கள் இப்போது ரிட்டையர் ஆகி, மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பத்திரிகையில் மாதாமாதம் யோசனை எழுதுகிறீர்கள். எங்கள் லாரி ஆபீசுக்கு அது வருகிறது. போன மாதம் ஒருவர் தன் புது ஸ்போர்ட்ஸ் கார் எண்ணெய் குடிக்கிறதே என்று கேட்டிருந்தார். வேகமாக ஓடும் எஞ்சின் புதிதில் எண்ணெய் குடிப்பது சகஜம், ரிங் சரியாக உட்காராமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நின்றுகொண்டே படித்தேன். உட்கார முடியவில்லை.

எனக்குத் தனியாக எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம், வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். நீங்கள் கூட்டத்துக்கு நடுவில் சொன்னீர்கள், கூட்டத்துக்கு நடுவில்தான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த மாதம், அதே பத்திரிகையில், உங்கள் பேரைப் போட்டு எழுதுங்கள்: ஆம்பூரில் ஒரு டிரைவரை எண்ணெய் திருடினான் என்று சொன்னேன், அவன் திருடவில்லை, எனக்கு அது அப்போதே தெரியும். எழுத முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது அதே இடத்தில் எழுதுங்கள். திருப்பத்தூர்க்காரர்களும் படிக்கட்டும்.